தமிழ் வழி உயர்நிலைப் பள்ளிகளுக்கு ஆன்லைன் வகுப்பு தொடங்கப் போகிறீர்களா? கேரள எல்லையிலிருந்து ஒரு வழிகாட்டி

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணிதம் எடுக்கிறேன். தமிழ் வழி. எங்களைப் போன்ற பள்ளிகள் கேரளத்தில் ஒரே இடத்தில் இல்லை. பாலக்காட்டில் சிற்றூர் தாலுகா, இடுக்கியில் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை தாலுகாக்கள், அப்புறம் திருவனந்தபுரம் என்று சிதறிக் கிடக்கின்றன. ஒரு பள்ளியில் இயற்பியலுக்கு ஆள் இருக்காது, இன்னொன்றில் கணிதத்துக்கு. இருக்கிற ஆசிரியர்களைச் சேர்த்து, மாநிலம் முழுக்க உள்ள தமிழ் வழிப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரே ஆன்லைன் வகுப்பாகக் கொடுத்தால் என்ன என்று நாங்கள் ஆறு பேர் கிளம்பினோம்.

முதல் வீடியோ பிள்ளைகள் கைக்குப் போய்ச் சேர 14 மாதம் ஆனது. அதில் பாதிக்கு மேல் எங்கள் அறியாமையால் வீணானது. யாரிடம் முதலில் போவது, எந்தத் தாளை எங்கே கொடுப்பது, எதற்குச் செலவு செய்யக் கூடாது என்று சொல்ல ஆளில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். அரசுப் பள்ளி ஆசிரியராகவோ பி.டி.ஏ. (பெற்றோர் ஆசிரியர் சங்கம்) பொறுப்பிலோ இருந்து இதே வேலையில் இறங்குகிறவராக உங்களை நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

1. ஆப் தேடாதீர்கள், வீடுகளை எண்ணுங்கள்

எல்லோரும் முதலில் கேட்பது "கூகுள் மீட்டா, ஜூமா, யூடியூபா?" என்றுதான். நாங்களும் அதைப் பேசியே இரண்டு மாதம் ஓட்டினோம். அந்தக் கேள்விக்கான பதில் உங்கள் கையில் இல்லை, பிள்ளைகளின் வீட்டில் இருக்கிறது.

"வீட்டில் ஸ்மார்ட்போன் உண்டா?" என்று ஒரு கூகுள் ஃபார்ம் அனுப்பினோம். வந்த பதில்களில் ஏறக்குறைய எல்லாம் "உண்டு". மகிழ்ந்துபோனோம். போன் இல்லாத வீட்டுப் பிள்ளை அந்த ஃபார்மையே பார்த்திருக்காது என்பது ஒரு வாரம் கழித்துத்தான் உறைத்தது.

அதனால் ஒரு பக்கத் தாளில் அச்சிட்டு வகுப்பாசிரியர் வழியாகக் கொடுங்கள். கேட்க வேண்டியவை இவை: போன் யாருடையது? அது எத்தனை மணிக்கு வீட்டுக்கு வரும்? அந்த ஒரு போனில் எத்தனை பிள்ளைகள் படிக்க வேண்டும்? ரீசார்ஜ் தீர்ந்தால் எத்தனை நாளில் மறுபடி போடுவார்கள்? சிக்னல் வீட்டுக்குள் வருமா, வெளியே எங்கே போனால் வரும்? டி.வி. உண்டா? உண்டென்றால் கேபிளா, டிஷ்ஷா?

இரண்டாவது கேள்விதான் எங்கள் திட்டத்தையே புரட்டிப்போட்டது. என் வகுப்பில் ஒரு பையன். வீட்டில் நல்ல போன் இருக்கிறது. அப்பா அதோடுதான் தேங்காய் லோடு ஏற்றிக்கொண்டு பொள்ளாச்சிக்குப் போகிறார். திரும்பி வர இரவு எட்டரை. மூணாறு பக்கத்து எஸ்டேட்டுகளில் இதே கதை காலையில் நடக்கிறது. கொழுந்து பறிக்கப் போகிற அம்மாவோடு போனும் போய்விடும். அங்கே ஒரு பெண் தாளில் எழுதியிருந்தாள்: "சிக்னல் லயத்தில் இல்லை. கோயில் வளைவில் நின்றால் வரும். மழை பெய்தால் நிற்க முடியாது." லயம் என்றால் எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பு வரிசை. ஜூன், ஜூலையில் அங்கே மழை விடுகிற நாளை விரல் விட்டு எண்ணலாம்.

இந்தத் தாளுக்கு எங்களுக்கு ஆன நகல் செலவு ரூ. 1,450. மொத்தத் திட்டத்தில் இதைவிட நன்றாகச் செலவான பணம் இல்லை. ஜனவரியில் கொடுத்து பத்து நாளில் வாங்கிவிடுங்கள். பிப்ரவரி வந்தால் மாடல் பரீட்சை, மார்ச்சில் எஸ்.எஸ்.எல்.சி. அப்புறம் யாரும் உங்கள் தாளைத் தொட மாட்டார்கள்.

ஓர் எச்சரிக்கை. பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் வேண்டுமென்றால் மாணவர் விவரங்களை வைத்திருக்கிற சம்பூர்ணா தளத்தில் இருப்பதை அப்படியே இறக்கி வாட்ஸாப் குழுவில் போட்டுவிடாதீர்கள். அதில் ஆதார், சாதி, பிறந்த தேதி எல்லாம் இருக்கும். உங்களுக்குத் தேவை பெயர், பள்ளி, வகுப்பு, ஒரு தொடர்பு எண். அவ்வளவுதான்.

2. அனுமதி: எந்தத் தாள், எந்த மேசை

எல்லோரும் சறுக்குகிற இடம் இது. நாங்கள் மனுவை ஏ.இ.ஓ. (உதவிக் கல்வி அலுவலர்) அலுவலகத்தில் கொடுத்துவிட்டு மூன்று வாரம் காத்திருந்தோம். உயர்நிலைப் பிரிவு டி.இ.ஓ.வின் (மாவட்டக் கல்வி அலுவலர்) கீழ் வருவது, ஏ.இ.ஓ. பார்ப்பது தொடக்கப் பள்ளியும் யு.பி. எனும் நடுநிலைப் பள்ளியும். வருடக்கணக்காக ஆசிரியராக இருந்தும் இதில் தவறினோம் என்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது. மனுவைக் கொடுக்கிற அவசரத்தில் பக்கத்தில் இருந்த அலுவலகத்துக்குப் போய்விட்டோம்.

வழி இதுதான்: தலைமையாசிரியர், டி.இ.ஓ., மாவட்டக் கல்வித் துணை இயக்குநர், அங்கிருந்து திருவனந்தபுரத்தில் பொதுக்கல்வி இயக்குநர். ஒரே மாவட்டத்துக்கு என்றால் துணை இயக்குநரோடு பெரும்பாலும் முடிந்துவிடும். ஆனால் பாலக்காடும் இடுக்கியும் சேர வேண்டுமென்றால் ஒரு மாவட்ட அதிகாரி மற்ற மாவட்டத்துக்கு உத்தரவு போட முடியாது. அப்போது இயக்குநரகம் வரை போய்த்தான் ஆக வேண்டும். பாடத்தைச் சரிபார்க்க டயட் (மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனம்) ஒத்துழைப்பு வேண்டும். பாலக்காட்டு டயட் ஆனக்கரையில் இருக்கிறது, எங்கள் ஊரிலிருந்து மாவட்டத்தின் மறுகோடி. இடுக்கி டயட் தொடுபுழாவில், மூணாறுக்காரர்களுக்கு மலை இறங்கிப் போகிற வேலை. போவதற்கு முன் போன் செய்து, பார்க்க வேண்டியவர் அன்று இருக்கிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கட்டோடு வைக்க வேண்டியவை:

- தலைமையாசிரியரின் முகப்புக் கடிதம்
- பி.டி.ஏ. கூட்டத் தீர்மானம், மினிட்ஸ் புத்தகத்தின் நகலோடு
- எஸ்.ஆர்.ஜி. (பள்ளி ஆசிரியர்களின் பாடத் திட்டமிடல் குழு) கூட்ட முடிவு
- இரண்டே பக்கத்தில் திட்டம்: எந்த வகுப்பு, எந்தப் பாடம், எத்தனை வீடியோ, எந்த மாதம் வரை
- வரவு செலவு, பணம் எங்கிருந்து வருகிறது என்பதோடு
- வகுப்பெடுக்கும் ஆசிரியர்கள் ஒவ்வொருவரின் எழுத்து மூலமான சம்மதம்
- பிள்ளைகளின் பாதுகாப்புக்கு என்ன ஏற்பாடு என்று ஒரு பக்கம்
- பெற்றோர் ஒப்புதல் படிவத்தின் மாதிரி

கடைசி இரண்டும் எங்களிடம் இல்லை. கோப்பு திரும்பி வந்தது. 2023ஆம் ஆண்டின் தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 18 வயது ஆகாதவர்கள் எல்லோரும் குழந்தைகள்தான், அவர்கள் விவரத்தை வாங்கப் பெற்றோர் ஒப்புதல் என்பதே அதன் அடிப்படை. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு 15 வயது. ஆகவே ஒப்புதல் படிவத்தை ஒப்புக்கு என்று நினைக்காதீர்கள். என்ன விவரம் வாங்குகிறோம், எதற்கு, எப்போது அழிப்போம், பிள்ளையின் முகமோ குரலோ வீடியோவில் வருமா என்று நான்கு வரியில் தமிழில் எழுதுங்கள். படிக்கத் தெரியாத பெற்றோருக்கு வாசித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள்.

மொழி பற்றி ஒன்று. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி தமிழ்ச் சிறுபான்மையினர் தமிழிலேயே அரசுக்கு எழுதலாம். அந்த உரிமையை விடாதீர்கள். ஆனால் கோப்பு நகர வேண்டுமென்றால் கூடவே ஒரு மலையாளப் பிரதியும் வையுங்கள். இல்லாவிட்டால் மொழிபெயர்க்க ஆள் தேடி அது ஒரு மேசையில் உட்கார்ந்துகொள்ளும். எங்களது ஓர் அலுவலகத்தில் ஆறு வாரம் அப்படித்தான் உட்கார்ந்திருந்தது.

கொடுத்த அன்றே இன்வர்ட் நம்பரை (மனு வந்ததாகப் பதிவேட்டில் போடுகிற எண்) வாங்கிக்கொள்ளுங்கள். மின்கோப்பு ஆனதும் அந்தக் கோப்பு எண்ணையும். எண் கையில் இருந்தால் "சார், அந்தத் தமிழ் மீடியம் விஷயம்..." என்று இழுக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன், இது என் சொந்த அபிப்பிராயம். முதல் கடிதத்தில் "மாநிலந்தழுவிய திட்டம்" என்று எழுதாதீர்கள். அந்தச் சொல்லைப் பார்த்ததும் நிதி யார் தருவது, ஏஜென்சி யார், டெண்டர் உண்டா என்று கேள்விகள் கிளம்பும். "தமிழ் வழி மாணவர்களுக்குப் பள்ளி நேரத்துக்குப் பிந்தைய துணை வகுப்பு, அரசுக்குச் செலவில்லை" என்று எழுதினோம். இரண்டாவது முறை கோப்பு ஐந்து வாரத்தில் வந்தது.

3. சின்னதாகத் தொடங்குங்கள், புத்தகத்தின் ஆண்டைப் பாருங்கள்

எட்டு, ஒன்பது, பத்து எல்லாவற்றுக்கும் எல்லாப் பாடமும் என்று நாங்கள் போட்ட பட்டியல் 400 வீடியோ வந்தது. ஆறு ஆசிரியர்களுக்கு 400 வீடியோ! பத்தாம் வகுப்பு, கணிதமும் இயற்பியலும் மட்டும், முதல் பருவப் பாடங்கள் மட்டும் என்று சுருக்கிய பிறகுதான் மூச்சு வந்தது. ஒரு பாடத்துக்கு 20 வீடியோ போதும்.

புதிதாக எடுப்பதற்கு முன் ஏற்கெனவே இருப்பதைப் பாருங்கள். கொரோனா காலத்தில், 2020 ஜூன் முதல், கேரள அரசின் கல்விச் சேனலான கைட் விக்டர்ஸ் வழியாக ஃபர்ஸ்ட் பெல் என்ற வகுப்புகள் நடந்தன. தமிழ் வழிக்கும் வீடியோக்கள் வந்தன. தேடினால் கிடைக்கும். "அதையே கொடுத்துவிடலாமே" என்று யாராவது சொல்வார்கள். கொடுக்காதீர்கள். கேரளத்தில் 2024ல் 1, 3, 5, 7, 9 வகுப்புகளுக்கும், 2025ல் 2, 4, 6, 8, 10 வகுப்புகளுக்கும் பாடநூல் மாறிவிட்டது. பழைய வீடியோவில் சொல்கிற பக்க எண் புதிய புத்தகத்தில் இருக்காது. சில இடங்களில் பாடமே இருக்காது.

இதைவிடப் பெரிய வலை எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. பிள்ளைகள் தமிழில் "பத்தாம் வகுப்பு கணக்கு" என்று தேடினால் முதலில் வருவது தமிழ்நாட்டுப் பாடம். மொழி ஒன்று, சிலபஸ் வேறு. தமிழ்நாட்டு அரசின் கல்வி தொலைக்காட்சியில் நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள், நானே பார்த்துக் கற்றுக்கொள்கிறேன். ஆனால் மார்ச்சில் எஸ்.எஸ்.எல்.சி. எழுதுகிற எங்கள் பிள்ளை அதை வைத்துப் படித்தால் பாதி கேள்வி புரியாது. அதனால் உங்கள் ஒவ்வொரு வீடியோவின் முதல் சட்டகத்திலும் மூன்று விஷயம் பெரிதாக இருக்கட்டும்: கேரளா, எந்த ஆண்டுப் புத்தகம், எத்தனையாவது பக்கம்.

அச்சடித்த தமிழ் வழிப் புத்தகம் கைக்கு வரத் தாமதமானால் காத்திருக்க வேண்டாம். பிடிஎஃப் வந்ததும் எடுத்துக்கொண்டு தொடங்குங்கள். அச்சுப் புத்தகம் வந்ததும் பக்க எண்ணை மட்டும் ஒருமுறை ஒத்துப் பாருங்கள்.

4. ஸ்கிரிப்டைத் தமிழிலேயே எழுதுங்கள்

இது ஒரு படி என்றே எங்களுக்குத் தோன்றவில்லை. மலையாள வழி ஆசிரியர் ஒருவர் அன்போடு தன் வகுப்புக் குறிப்புகளைத் தந்தார். அருமையான குறிப்புகள். ராத்திரியோடு ராத்திரியாகத் தமிழாக்கி மறுநாள் பதிவு செய்தோம். வீடியோவில் நான் தெளிவாகச் சொல்கிறேன்: "ஒரு சதுரத்தின் நீளம் 8 சென்டிமீட்டர், அகலம் 5 சென்டிமீட்டர்."

சோதனைக்காக எங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினேன். பின் வரிசையிலிருந்து ஒருத்தி மெதுவாகக் கை தூக்கினாள். "டீச்சர், சதுரத்துக்கு எப்படி டீச்சர் நீளம் அகலம் வேற வேற?"

மலையாளத்தில் சதுரம் என்றால் செவ்வகம். நம்முடைய சதுரத்துக்கு அவர்கள் சமசதுரம் என்பார்கள். வாழ்நாளெல்லாம் இரண்டு மொழியும் கேட்டு வளர்ந்தவள் நான், எழுதும்போது கண்ணில் படவே இல்லை. பரப்பளவு, சுற்றளவு போன்ற சொற்கள் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றாகவே ஒலிப்பதால் கை அப்படியே ஓடிவிடுகிறது. சமவாக்கியம் என்று வந்தால் உடனே சமன்பாடு என்று மாற்றத் தோன்றும், ஏனென்றால் அது காதுக்கு அந்நியம். மாட்டிவிடுவது காதுக்குப் பழகிய சொல்தான்.

அதன் பிறகு ஒரு ஒழுங்கு வைத்தோம். பாடத்துக்கு ஒரு சொல்தாள். புதிய தமிழ் வழிப் பாடநூலில் எந்தச் சொல் இருக்கிறதோ அதுதான். தமிழ்நாட்டுப் புத்தகச் சொல் எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி, பரீட்சைத் தாளில் வரப்போவது அது அல்ல. ஸ்கிரிப்ட் முடிந்ததும் அந்தப் பாடம் எடுக்காத ஒரு தமிழாசிரியர் படிக்க வேண்டும், ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளையும் படிக்க வேண்டும். பிள்ளையின் திருத்தம்தான் அதிகம் பயன்பட்டது.

தட்டச்சில் ஒரு தலைவலி வரும். பழைய கோப்புகள் யூனிகோடு அல்லாத எழுத்துருவில் இருந்தால் பள்ளி லேப்டாப்பில் திறந்ததும் வெறும் கோலமாகத் தெரியும். முதல் நாளிலிருந்தே எல்லோரும் யூனிகோடு என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

5. பதிவு: காசை மைக்கில் போடுங்கள்

எங்கள் முதல் பருவச் செலவு இது. இரண்டு காலர் மைக் ரூ. 1,700. போன் ஸ்டாண்ட் இரண்டு ரூ. 1,200. ஒரு விளக்கு ரூ. 1,100. கணிதத்துக்கு எழுதும் பேனா டேப்லெட் ரூ. 2,800. பென் டிரைவ் ஐந்து ரூ. 1,750. நகல் ரூ. 1,450. பயணம் ரூ. 3,600. ஆக மொத்தம் ரூ. 13,600. பி.டி.ஏ. ரூ. 8,000 தந்தது, மிச்சத்தை நாங்கள் பகிர்ந்துகொண்டோம். பி.டி.ஏ. பணம் என்றால் பில் ஒவ்வொன்றும் பள்ளியின் பெயரில் இருக்க வேண்டும். காலர் மைக்கை நான் என் பெயரில் ஆன்லைனில் வாங்கிவிட்டு, ஆடிட்டுக்கு விளக்கக் கடிதம் எழுதி நொந்துபோனேன்.

கேமரா வாங்காதீர்கள். கையில் இருக்கிற போன் போதும். ஸ்டூடியோவும் வேண்டாம். ஜன்னலைச் சாத்தி, எதிர்ச் சுவரில் இரண்டு ஜமுக்காளம் தொங்கவிட்டால் எதிரொலி போய்விடும். படம் மங்கினால் பிள்ளை பொறுத்துக்கொள்கிறது, குரல் கரகரத்தால் மூடிவிட்டுப் போய்விடுகிறது. வீட்டில் பதிவு செய்வதானால் குக்கர் விசிலுக்கு முன்னால் முடித்துக்கொள்ளுங்கள். எங்கள் இயற்பியல் ஆசிரியரின் ஒளிவிலகல் வகுப்பில் மூன்று விசில் அப்படியே இருக்கிறது. பிள்ளைகள் அந்த வீடியோவுக்கு "சாம்பார் கிளாஸ்" என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

ஒரு வீடியோ 12 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். 360பி தரத்தில் எங்களுக்கு அது ஏறக்குறைய 50 எம்.பி. வந்தது. தினமும் டேட்டா வரும் பேக் போட்ட வீட்டுக்கு இது ஒன்றுமில்லை, மாதத்துக்கு மொத்தமாக இரண்டு ஜி.பி. போடுகிற வீட்டுக்குப் பெரிது. அதனால் எழுத்தைப் பெரிதாக எழுதுங்கள். ஏ4 தாளைக் குறுக்காக வைத்து மார்க்கரில் எட்டு வரிக்கு மேல் வேண்டாம். தரத்தைக் குறைத்துப் பார்க்கிற பிள்ளைக்கும் எழுத்து தெரிய வேண்டுமே.

வெட்டி ஒட்ட கேடன்லைவ், குரலைச் சுத்தம் செய்ய ஆடாசிட்டி. இரண்டும் இலவசம், லினக்ஸில் ஓடும். வடிவியலுக்கு ஜியோஜிப்ரா. எங்கள் பிள்ளைகள் ஐ.டி. பாடத்தில் ஏற்கெனவே அதைப் பழகியிருப்பதால் அவர்களே செய்து பார்க்கலாம். லிட்டில் கைட்ஸ் என்ற பள்ளி ஐ.டி. மன்றத்துப் பிள்ளைகள் இருந்தால் எடிட்டிங்கை அவர்களிடம் கொடுங்கள். நான் மூன்று மணி நேரம் மல்லுக்கட்டியதை ஒன்பதாம் வகுப்புப் பையன் 40 நிமிடத்தில் முடித்தான். பின்னணி இசை மட்டும் வேண்டாம் என்று கறாராகச் சொல்லிவிடுங்கள். சினிமாப் பாட்டை ஓரத்தில் போட்டுவிடுவார்கள், காப்புரிமைப் புகார் வரும். யூடியூபில் 90 நாளில் மூன்று ஸ்டிரைக் விழுந்தால் சேனலே போய்விடும்.

6. எங்கே ஏற்றுவது, சாவி யாரிடம்

நேரலையை மையமாக வைக்காதீர்கள். இலவச மீட்டில் 100 பேர்தான், மூன்று பேரோ அதற்கு மேலோ இருந்தால் ஒரு மணி நேரத்தில் நிற்கும். ஜூம் 40 நிமிடம். மலையில் இருக்கிற பிள்ளைக்கு இரண்டும் அறுந்து அறுந்துதான் வரும். பதிவு செய்த வீடியோ யூடியூபில், சந்தேகத்துக்கு மட்டும் வாரம் இருமுறை மீட். இதுதான் நிலைத்தது.

சேனல் தொடங்கும்போது மறக்கக் கூடாதவை: போன் எண்ணைச் சரிபார்க்காவிட்டால் 15 நிமிடத்துக்கு மேலான வீடியோ ஏறாது. நேரலை வசதியை முதன்முறை இயக்கினால் 24 மணி நேரம் வரை காத்திருக்க நேரும், தொடக்க நாள் காலையில் போய் அழுத்தாதீர்கள். நீங்கள் வருமானம் கேட்காவிட்டாலும் யூடியூப் விளம்பரம் போடலாம், இதைப் பெற்றோரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். அரசு ஊழியர் நடத்தை விதிகள் இருப்பதால் சேனல் உங்கள் சொந்தப் பெயரில் வேண்டாம், வருமானம் வருகிற ஏற்பாடும் வேண்டாம்.

அடுத்தது சாவி. எங்கள் சேனலின் மூலக் கணக்கு ஓர் ஆசிரியரின் சொந்த எண்ணில் இருந்தது. பொது இடமாற்றத்தில் அவர் மலைக்குப் போய்விட்டார். நான் இங்கே உள்நுழைய ஓ.டி.பி. அவருக்குப் போகும். அவர் சிக்னல் இருக்கிற இடத்துக்கு நடந்து வந்து படித்துச் சொல்வதற்குள் அது காலாவதியாகும். நான்கு நாள், ஓ.டி.பி.யும் நாங்களும். பள்ளி மின்னஞ்சலில், பள்ளி அலுவலக எண்ணில் கணக்கைத் தொடங்கி, சேனல் அனுமதியில் இரண்டு மாவட்டத்திலும் ஒவ்வொருவரை மேலாளராகச் சேர்த்துவிடுங்கள். கடவுச்சொல்லை யாருக்கும் கொடுக்க வேண்டியதில்லை.

வாட்ஸாப்பில் பெரிய குழு தொடங்காதீர்கள். முன்பின் தெரியாத நூற்றுக்கணக்கானவர்களுக்குப் பெண் பிள்ளைகளின் எண் தெரிந்துவிடும். முதல் வாரத்திலேயே எங்களுக்கு அப்படி ஒரு புகார் வந்து, அன்றிரவே குழுவைக் கலைத்தோம். இணைப்புகளை அனுப்ப வாட்ஸாப் சேனல் போதும். அதில் பின்தொடர்கிறவர்கள் ஒருவர் எண்ணை ஒருவர் பார்க்க முடியாது. சந்தேகம் கேட்க அவரவர் வகுப்பாசிரியரின் குழு. யூடியூபில் கமெண்ட் பகுதியை மூடி வையுங்கள். மீட்டில் எப்போதும் இரண்டு ஆசிரியர்கள், அதில் ஒருவர் பெண். தனியாக ஒரு பிள்ளையோடு வீடியோ அழைப்பு கூடவே கூடாது.

நோட்ஸை வாட்ஸாப்பில் தள்ளிவிடுகிற பழக்கமும் வேண்டாம். 2024 நவம்பரில் மேல்நிலைப் பிரிவுக்கு அதைத் தடுத்துச் சுற்றறிக்கையே வந்தது. பிள்ளை எழுதாமல் அச்சிட்டு ஒட்டிக்கொள்கிறது, அச்சுக் கூலி பெற்றோர் தலையில் விழுகிறது.

7. நேரம்

ஏழு மணி என்று முதலில் வைத்தோம், போன் வீட்டில் இல்லை. கணக்கெடுத்த தாள்களை விரித்து வைத்துப் பார்த்ததில் பாலக்காட்டுக்கு எட்டே முக்கால், எஸ்டேட்டுக்கு ஆறரை என்று வந்தது. வீடியோவை மாலை ஆறு மணிக்கு வெளியிடுவது, சந்தேக வகுப்பைச் செவ்வாய் ஆறரைக்கும் வெள்ளி எட்டே முக்காலுக்கும் வைப்பது என்று முடித்தோம்.

ஆண்டுக் கணக்கு: ஜனவரியில் கணக்கெடுப்பு, பிப்ரவரி முதல் வாரத்துக்குள் மனு. மார்ச்சில் தேர்வு வேலை, ஏப்ரலில் விடைத்தாள் திருத்தும் முகாம், இந்த இரண்டு மாதமும் எந்த ஆசிரியரும் கிடைக்க மாட்டார். மே மாதத்தில் முதல் 20 வீடியோவைப் பதிவு செய்துவிடுங்கள். ஜூனில் பள்ளி திறந்து இரண்டு வாரம் சேர்க்கைக் களேபரம் இருக்கும். ஜூன் மூன்றாம் வாரம் தொடங்கினால் ஓணப் பரீட்சைக்கு முன் முதல் பருவப் பாடம் முடியும்.

8. போன் இல்லாத பிள்ளைக்கு

2020ல் எடுத்த கணக்கில் கேரளத்தில் இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளிடம் டி.வி.யோ போனோ இல்லை என்று தெரியவந்தது. இன்று நிலைமை எவ்வளவோ மேல். ஆனாலும் உங்கள் பட்டியலில் சில பெயர்கள் மிஞ்சும். பள்ளிக்குள் பிள்ளைகள் போன் கொண்டுவரக் கூடாது என்பதால், பென் டிரைவ் வழி ஒன்று வைத்தோம். சனிக்கிழமை ஒருவர் அந்த வார வீடியோக்களைப் பென் டிரைவில் ஏற்றுவார். திங்களன்று எஸ்.ஐ.டி.சி. (பள்ளியின் ஐ.டி. பொறுப்பாசிரியர்) அதைப் பள்ளிக் கம்ப்யூட்டரில் போடுவார். மதிய உணவு இடைவேளையிலும் மாலை 40 நிமிடமும் வகுப்பறைப் புரொஜெக்டரில் ஓடும். எஸ்டேட் பள்ளிகளுக்குப் பென் டிரைவை பஸ் கண்டக்டர் கையில் கொடுத்தனுப்பியதும் உண்டு. ஸ்மார்ட்போன் உள்ள பிள்ளைகளும் அங்கே வந்து உட்கார ஆரம்பித்துவிட்டார்கள், கூட்டத்தோடு பார்ப்பதுதான் பிடிக்கிறதாம்.

ஒவ்வொரு வீடியோவுக்கும் ஐந்து கேள்விகள் கொண்ட அரைப் பக்கத் தாள் ஒன்று அச்சில் கொடுங்கள். கூகுள் ஃபார்மில் விடையின் படத்தை ஏற்றச் சொன்னால் கூகுள் கணக்கில் நுழையச் சொல்லும், அப்பாவின் கணக்கில் பிள்ளை நுழையும், விடை யாருடையது என்றே தெரியாது. தாள் சுலபம். வகுப்பாசிரியர் வியாழக்கிழமை வாங்கி, எந்தக் கேள்வியில் எல்லோரும் தடுக்குகிறார்கள் என்று மட்டும் எனக்கு எழுதி அனுப்புவார். வெள்ளி இரவு அதைத்தான் எடுப்பேன்.

9. தொடக்க நாள்

விழா வைக்காதீர்கள். பெரியவர் ஒருவருக்குத் தேதி கிடைக்கட்டும் என்று நாங்கள் காத்திருந்ததில் ஒரு மாதம் போனது. இரண்டு பள்ளிகளில், இங்கே ஒன்று, மலையில் ஒன்று, இரண்டு வாரம் சத்தமில்லாமல் நடத்திப் பாருங்கள். எது உடைகிறது என்று அதற்குள் தெரிந்துவிடும். மற்ற பள்ளிகளை அப்புறம் ஐந்து ஐந்தாகச் சேர்க்கலாம்.

யூடியூபில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணை வைத்து மகிழவும் வேண்டாம், வருந்தவும் வேண்டாம். எங்கள் ஒரு வீடியோவுக்கு 61 என்று காட்டியது. அதே வீடியோவைப் புரொஜெக்டரில் பார்த்தவர்களைப் பள்ளிகள் எழுதி அனுப்பியபோது 200ஐத் தாண்டியது. அதனால் திரும்பி வந்த தாள்களை எண்ணுங்கள்.

அனுமதி ஓராண்டுக்குத்தான் தருவார்கள். அடுத்த ஜனவரியில் பழைய கோப்பு எண்ணைக் குறிப்பிட்டு, எத்தனை பள்ளி, எத்தனை வீடியோ, எத்தனை தாள் வந்தது என்று ஒரு பக்கம் சேர்த்துப் புதுப்பிக்க மனுக் கொடுத்துவிடுங்கள். டி.இ.ஓ. அலுவலகத்தில், ஏ.இ.ஓ. அலுவலகத்தில் அல்ல.